கவசம் வீட்டு அத்தான்

என் அக்கா வீட்டுக்கு வழி கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "கவசம் வீடா? நேரா போய் லெப்ட்ல திரும்புங்க" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தவன் நான்தான். இருபத்தாறு வருஷமாக அந்தச் சிரிப்பு அணையாமல் எண்ணெய் ஊற்றிவந்தவனும் நான்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஊர் வாயைத் திறந்துவிடுவதற்கு என்னைப் போல் ஒரு மைத்துனன் போதும்.

அத்தானுக்கு மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. மாதத்தில் இருபது நாள் அடுத்தவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குனிந்து, ஒட்டடையை ஒதுக்கி, டார்ச் அடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். நாய் குரைத்தால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "அம்மா, கொஞ்சம் நாயப் பிடிங்கம்மா" என்று கெஞ்சுவார். பக்கத்து வீட்டுக்காரன் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினால், அவனாக வந்து எடுக்கும்வரை தெருவில் நிற்பார். இப்படிப்பட்ட மனிதருக்கு வந்த ஆசையைப் பாருங்கள். நானூறு, ஐநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒருவனை ஒருவன் வெட்டியும் குத்தியும் சாகடிக்க வைத்திருந்த வாள், ஈட்டி, தலைக்கவசம், மார்புக்கவசம்! குடிக்கிறார் என்றால் நாலு பேரைக் கூட்டிக் கண்டிக்கலாம். சீட்டாடுகிறார் என்றால் அக்கா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணலாம். என் புருஷன் இரும்புச் சட்டை வாங்குகிறார் என்று யாரிடம் போய் முறையிடுவது?

நான் டிங்கர். மோதி நசுங்கி வரும் காரை, மோதவே இல்லை என்று சத்தியம் பண்ணும்படி ஆக்கிக் கொடுப்பது என் தொழில். தகட்டை விரலால் ஒரு தடவு தடவினால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரோடுதான் அத்தானின் சாமான்களைப் பார்க்கப் போவேன். போவதே குறை கண்டுபிடிக்கத்தான்.

குறைக்கா பஞ்சம்? ஹாலில் தலை முதல் கால் வரை முழுக் கவசம் ஒன்று நின்றது. உள்ளே ஆள் கிடையாது, ஆனால் தொந்தி மட்டும் இருந்தது. கழுத்துப்பட்டையைத் தூக்கி உள்ளே பார்த்தேன். வரிசையாக வெல்டிங் பொட்டு.

"அத்தான், உள்ள வெல்டிங் அடிச்சிருக்கான் பாருங்க. அந்தக் காலத்துல கரண்ட் இருந்துச்சா? மீட்டர் யாரு, உங்க தாத்தா வந்து கணக்கெடுத்தாரா?"

அத்தான் கோபப்படவில்லை. "தெரியும் மாப்ள. இது ஒரு ஓட்டல் வாசல்ல நின்னது."

"தெரிஞ்சே எதுக்கு வாங்கினீங்க?"

"போலி எப்படி இருக்கும்னு நல்லாத் தெரிஞ்சாத்தானே, நிஜம் கைக்கு வரும்போது அடையாளம் தெரியும்?"

இந்தப் பதிலை நான் ஊர் முழுக்கச் சொன்னேன். நகை பார்க்கப் பழகுகிறேன் என்று வீடு நிறையக் கவரிங் வாங்கி அடுக்கியவரை நீங்கள் கண்டதுண்டா? என் அக்காவுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். சிங்கத்தலைப் பிடி வைத்த வாள் ஒன்று இருந்தது. அதை ஓங்கினால் எதிரிக்கு எதுவும் ஆகாது, ஓங்கியவன் தோள்பட்டைதான் கழன்றுகொள்ளும். இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை ஒன்று ஆணியில் தொங்கியது. வளையத்தின் முனைகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி கிடையாது, வெறுமனே வளைத்துவிட்டிருந்தான். இழுத்தால் வளையம் கையோடு வரும். அத்தான் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவார். "தகடு எல்லா இடத்திலும் ஒரே கனம். ஆலைத் தகடு. போலி." "துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. ஆசிட் துரு. போலி." பக்கம் பக்கமாக இப்படித்தான். ஒரு மனிதன் தன் வாழ்க்கையைத் தானே தணிக்கை செய்து தானே கையெழுத்துப் போடுவதை அங்கேதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதே பித்துப் பிடித்த மூன்று பேர் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் டைல்ஸ் கடைக்காரர், ஒருவர் வேலை எதுவும் இல்லாதவர். ஒரு துருப்பிடித்த இரும்புக் கையுறையை ஆளுக்கு ஆள் கைமாற்றி, மூக்கில் வைத்து மோந்து, "ம்ம்ம்" என்பார்கள். என்ன "ம்ம்ம்" என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். பல் டாக்டர் ஒருமுறை வாளின் முனையை நகத்தால் சுரண்டிவிட்டு, சொத்தைப் பல்லைக் கண்டதுபோல உதட்டைப் பிதுக்கினார். அக்கா அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரிப்பாள். நானும் பின்னாலேயே போய்ச் சிரிப்பேன்.

நான் கல்யாண வீடுகளில் சொல்லும் கதை ஒன்று உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அத்தான் ஒரு நாள் என் பட்டறைக்கு ஒரு கோணிப்பையோடு வந்தார். உள்ளே கறுப்பாக ஒரு தகடு. சட்டையின் முன்பக்கம் மாதிரி வளைந்த மார்புக்கவசம். பளபளப்பு இல்லை, பூ வேலை இல்லை, சிங்கம் இல்லை. மீட்டர் பார்க்கப் போன ஒரு வீட்டில், தோட்டத்தில் மண் அள்ளுவதற்கு அதை வைத்திருந்தார்களாம். தூக்க வசதியாக மேல் விளிம்பில் ஒரு இரும்புக் கைப்பிடியை வெல்டிங் அடித்திருந்தார்கள். அத்தான் கேட்டதும், "தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்களாம். கொடுக்காமல் என்ன செய்வார்கள்? பிளாஸ்டிக் முறம் எந்தக் கடையிலும் கிடைக்கிறதே.

"மாப்ள, இந்தக் கைப்பிடிய மட்டும் அலுங்காம எடுத்துக் குடு. வேற எதையும் தொடாத" என்றார்.

"எந்த ராஜா மண் அள்ளினது அத்தான்?" என்று கேட்டேன். பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் போய்விட்டார்.

கைப்பிடியை எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எடுத்த பிறகு பார்த்தால், வலது மார்புப் பக்கம் ஒரு பள்ளம். கட்டைவிரல் உட்காரும் அளவு, உருண்டையாக, ஆழமாக. சிரங்கு பிடித்த கையும் இரும்பு பிடித்த கையும் சும்மா இருக்காது என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு டிங்கர் கண்ணெதிரே பள்ளத்தை வைத்துவிட்டு, அதைத் தொடாதே என்றால் எப்படி? மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன். உள்ளே கேஸ் வைத்துச் சூடு காட்டி, அடியில் டாலி என்ற இரும்புக்கட்டையை முட்டுக்கொடுத்து, சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி எழுப்பினேன். வழக்கமான தகடு இல்லை அது, பிடிவாதம் பிடித்தது. இரண்டு மணி நேரம் போராடி மட்டமாக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெயும் புகையும் காட்டிச் சுற்றியிருந்த கறுப்போடு கறுப்பாகச் சேர்த்துவிட்டேன். பள்ளத்தை அடைக்கும் பட்டி ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை. அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

சாயங்காலம் அத்தான் வந்தார். "பள்ளம் எங்க இருந்துச்சு, கண்டுபிடிங்க பாப்போம்" என்று சவால் விட்டுக் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். விரலால் தடவினார். திருப்பிப் பார்த்தார். அப்படியே பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார். கண் கலங்கியிருந்தது. "நல்லா பண்ணிருக்க மாப்ள" என்றார்.

"என் கைவேலையப் பாத்து அத்தானே அழுதுட்டார்" என்று அன்று தொடங்கினேன். எத்தனையோ பந்திகளில் இந்தக் கதையைச் சொல்லி இலைக்கு இலை சிரிப்பைப் பரிமாறியிருக்கிறேன். அத்தான் பக்கத்தில் இருந்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அக்காவுக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகிப் போன மறுவாரமே அவள் அறையை இரும்பு பிடித்துக்கொண்டது. அதுவரை கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் பதுங்கிக் கிடந்த ஈட்டியும் வாளும் வெளியே வந்து சுவரேறின. அடுப்படியை விட்டால் வீட்டில் மொத்தமே இரண்டு இடம், ஹாலும் அந்த அறையும். ஒன்றில் மனிதர்கள், ஒன்றில் துரு.

போன வருஷம் அந்த மகள் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். புகுந்த வீட்டோடு ஒத்துப்போகவில்லை, இனி போகிற எண்ணமும் இல்லை என்று சொல்லிவிட்டாள். படுக்க இடம் ஹால்தான். ஓட்டல் கவசத்தின் காலடியில் பாயை விரித்து, குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்தாள். யார் வந்தாலும் எழுந்து உட்கார வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய் நிற்க வேண்டும். அக்கா தினமும் கேட்டாள். "அந்த ரூம காலி பண்ணுங்க." அத்தான் தினமும் ஒரே பதிலைச் சொன்னார். "ஈரம் பட்டா வீணாப் போயிடும். கொஞ்ச நாள் பொறு." எந்த ஈரம்? சொந்தப் பேரன் மூத்திரமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கிண்டல் செய்துகொண்டிருந்தவனுக்கு அப்போதுதான் நிஜமாகவே வெறுப்பு வந்தது. பெற்ற பெண்ணை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு இரும்புக்கு அறை கொடுக்கிறவன் மனிதனா என்று அக்காவிடமே கேட்டேன்.

ஒரு நாள் குழந்தை வாயை மூடிக்கொண்டு திருதிருவென்று முழித்தது. அக்கா விரலை விட்டுத் துழாவி எடுத்தாள். இரும்பு வளையம். யாரோ கதவைத் திறந்து வைத்திருக்க, குழந்தை தவழ்ந்து போய் அந்த வளையச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் தொண்டைக்குள் இறங்கியிருக்கும்.

அன்று அக்கா கத்தவில்லை, அழவும் இல்லை. வளையத்தை அத்தானின் உள்ளங்கையில் வைத்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"இருபத்தாறு வருஷமா ஏதோ நிஜம் நிஜம்னு தேடுறீங்களே. வந்து பாருங்கன்னு மியூசியத்துக்கு லெட்டர் மேல லெட்டர் போடுறீங்களே. அவங்கள வரச் சொல்லுங்க. இந்தக் குப்பைல ஒண்ணே ஒண்ணு நிஜம்னு அவங்க வாயால சொல்லட்டும், ரூம் உங்களுக்கே. நானும் என் பொண்ணும் ஆயுசுக்கும் ஹால்லயே கிடக்கிறோம், ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இல்லேன்னா மறுநாளே எல்லாம் வெளிய போகணும்."

என் அக்கா சொன்ன சொல்லை விழுங்குகிறவள் அல்ல. அத்தானுக்கும் அது தெரியும். வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், "சரி" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "ஒண்ணு நிஜமா இருந்தாலும் நான் மீசைய எடுத்துடறேன்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து மியூசியத்திலிருந்து ஆள் வந்தார். நரைத்த தாடி, தங்கப் பிரேம் கண்ணாடி, வாயில் சுருட்டு என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தது ஒரு பெண்மணி. சாதாரணச் செருப்பு, தோளில் துணிப்பை. மியூசியத்தில் உலோகப் பொருள்களுக்குப் பொறுப்பாளர். வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர், அத்தானின் கடிதங்களுக்கு ஒரு முடிவு கட்டிவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார். வெளியில் கார் காத்திருந்தது. அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான் வந்தா சிரிச்சிடுவேன். நீ போய் நின்னு கேட்டுட்டு வாடா" என்று என்னை அனுப்பிவிட்டு, மகளோடு பின்பக்கம் குழந்தையைக் குளிப்பாட்டப் போய்விட்டாள்.

அந்த அம்மாள் பார்த்த விதமே வேறு. நாம் எல்லாரும் எதைப் பார்த்தாலும் முன்பக்கத்தைப் பார்ப்போம். அவர் எடுத்தவுடன் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். விளிம்பைத் தடவினார், ரிவெட்டைப் பார்த்தார், கையில் ஏந்தி எடை பார்த்தார். பையிலிருந்து கனம் அளக்கும் கருவியை எடுத்து நடுவில் ஒரு முறை, ஓரத்தில் ஒரு முறை அளந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது அலங்காரச் சாமான்."

"இது நாடகத்துக்குச் செஞ்சது."

சிங்கத்தலை வாளைத் தூக்கிவிட்டு, "இத வெச்சு எவன் சண்டை போடுவான்? நிஜ வாள் இதுல பாதி எடைகூட இருக்காது" என்று கீழே வைத்தார்.

ஒவ்வொன்றுக்கும் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அத்தான், "நானும் அப்படித்தாம்மா எழுதி வெச்சிருக்கேன்" என்று நோட்டைக் காட்டினார். அந்த அம்மாள் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்துவிட்டு, முதல் தடவையாக அத்தானை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களாவே கத்துக்கிட்டீங்களா?" என்றார். "ஆமாம்மா." அவ்வளவுதான்.

கடைசியாகக் கறுப்பு மார்புக்கவசம். அதைக் கையில் எடுத்தார். நடுவில் அளந்தார், ஓரத்தில் அளந்தார், மறுபடியும் நடுவில் அளந்தார். ஜன்னலருகே கொண்டுபோனார். விளிம்பு மடங்கிய இடத்தில் நகத்தை ஓட்டினார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, மண் அள்ளும் முறத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன்.

"இது நிஜம்" என்றார்.

என் கை தானாக மீசைக்குப் போயிற்று.

"நடுவுல கனமா இருக்கு, ஓரத்துக்குப் போகப் போக மெலிசா அடிச்சிருக்காங்க. உள்ள பூராச் சுத்தியல் தடம். கையால செஞ்சது. நானூறு வருஷத்துக்குப் பக்கம் இருக்கும். ராஜா போட்டது இல்ல, அங்கிருந்து கப்பல்ல இங்க வந்த சாதாரணச் சிப்பாய் போட்டது. அதனாலதான் எவனும் பத்திரப்படுத்தல. பெரும்பாலும் உருக்கிட்டாங்க."

அத்தானைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த அம்மாள் டார்ச் எடுத்து உள்ளே அடித்தார். வலது பக்கத்தில் ஒளி நின்றது. கட்டைவிரலால் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"இங்க ஒரு பள்ளம் இருந்திருக்கணுமே. யாரு எடுத்தது?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நான்தான்" என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். அத்தான் முந்திக்கொண்டார்.

"எனக்கு வரும்போதே இப்படித்தாம்மா இருந்துச்சு."

அந்த அம்மாள் கவசத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார். "கவசத்தைச் செஞ்சு முடிச்சதும் பட்டறையிலயே அதத் துப்பாக்கியால சுட்டுப் பாப்பாங்க. குண்டு துளைக்காம வெறும் பள்ளம் மட்டும் விழுந்தா, கவசம் தேறிடுச்சுன்னு அர்த்தம். அந்தப் பள்ளத்த அப்படியே விட்டுடுவாங்க. அதுதான் அதோட சர்ட்டிபிகேட். வாங்க வர்ற சிப்பாய் முதல்ல அதுல விரல வெச்சுத்தான் பாப்பான். எங்க மியூசியத்துல அந்தப் பள்ளத்தோட ஒண்ணுகூட இல்ல."

மறுபடி டார்ச் அடித்தார். "வேலை தெரியாதவன் எவனாவது தட்டியிருந்தாக்கூட பாதியாவது மிஞ்சியிருக்கும். இது நல்லா வேலை தெரிஞ்சவன் செஞ்சது. சுத்தமா அழிச்சுட்டான்."

என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. எந்தக் கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனோ, அந்தக் கழுதையின் நாலு காலும் வாலும் எனக்கு முளைத்துவிட்டதுபோல் இருந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்தேன்.

"பள்ளம் இருந்திருந்தா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, கண்டுபிடிச்சவர்னு கீழ உங்க பேரையும் போட்டிருப்போம். பள்ளம் இல்லாதது எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு, இப்ப எடுத்துக்க வழி இல்ல. வேணும்னா நிஜம்னு ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா?"

பின்பக்கத்திலிருந்து குழந்தை தண்ணீரை அடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடிதம் வேணாம்மா. நீங்க வந்து பாத்ததே போதும்."

கார்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். நான் அதே இடத்தில் நின்றிருந்தேன்.

"அத்தான், அந்தப் பள்ளம் என்னன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"அதப் பாத்துத்தானே மாப்ள அந்த வீட்ல கேட்டு வாங்கினேன்."

"பட்டறைல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தீங்க. சொன்னா இன்னும் சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன். என் தப்புதான்." அவர் குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "அப்புறம் சொல்லி என்ன ஆகப் போகுது? பள்ளம் திரும்பி வரவா போகுது? நீ வேற அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்த."

பதினோரு வருஷம். தன் வாழ்நாளில் கண்டெடுத்த ஒரே நிஜத்தை நான் அடித்து நொறுக்கிய கதையை, நானே பந்திக்குப் பந்தி சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த மனிதர். எனக்கு அவமானமாக இருந்தது. அவரைப் பார்க்கக் கோபமாகவும் இருந்தது. ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மகள், துண்டில் சுற்றிய குழந்தையோடு.

"என்ன சொன்னாங்க?"

அத்தான், "எல்லாம் போலிதானாம்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலையைத் துண்டால் மெல்லத் துவட்டினார்.

"பாத்தியாடி!" என்று அக்கா மகளைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "இருபத்தாறு வருஷம்! குருடன்கூடத் தடவினா அதுக்குள்ள ஒண்ணையாவது கண்டுபிடிச்சிருப்பான். எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு நோட்டு, ஒரு பூதக்கண்ணாடி. தூ!" மகள், "விடும்மா" என்றாள். அவள் முகத்தில் நிம்மதியும் இருந்தது, அப்பாவைப் பார்க்க முடியாத சங்கடமும் இருந்தது.

திட்டி முடித்த பிறகு அக்காவுக்கு ஏனோ ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாக அவர் தோற்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பினாள்.

"இவரு எதையாச்சும் முழுங்குவாரு. நீதானடா உள்ள நின்ன? நீ சொல்லு. நிஜமா ஒண்ணுகூடவா தேறல?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அக்கா தன் சொல்லைக் காப்பாற்றுவாள். மகளும் பேரனும் ஹாலிலேயே கிடப்பார்கள். அது ஒரு காரணம். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப ஏன் மியூசியத்துக்கு எடுத்துட்டுப் போகல?" என்று வரும். அதற்குப் பதில் என் பெயர். இது இன்னொரு காரணம். அத்தான் மகளுக்காகப் பொய் சொன்னார், எனக்காகவும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். நானும் அந்தக் குழந்தைக்காகத்தான் சொன்னேன் என்று எழுதிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நான் எனக்காக மட்டும்தான் சொன்னேன்.

"ஒண்ணுகூட இல்லக்கா."

மறுநாள் காலையில் லாரி வந்தது. ஓட்டல் கவசத்தை ஒரு துணிக்கடைக்காரன் வாசலில் நிறுத்த வாங்கிப் போனான். மற்றதெல்லாம் பழைய இரும்புக்கு. அத்தான் தாமே ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து ஏற்றினார். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்ன கவசம், போருக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். வழக்கமாக இந்த மாதிரிச் சிரிப்பை ஆரம்பித்து வைப்பவன் நான். அன்று ஒருவன் முந்திக்கொண்டான், அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் அறை காலியாகிவிட்டது. மகள் தண்ணீர் விட்டுக் கழுவி, கட்டிலைப் போட்டாள். குழந்தை வெறும் தரையில் தவழ்ந்தது. அக்கா கதவுக்குப் பின்னால் கிடந்த கறுப்பு மார்புக்கவசத்தைப் பார்த்து, எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். லாரியில் போடப் போகிறாள் என்று நினைத்தேன். என் கையில் திணித்தாள்.

"நீ அவ்வளவு பாடுபட்டு ரிப்பேர் பண்ணினதுல்ல, நீயே வெச்சுக்கோ. தகடு கெட்டியா இருக்கு. ஏதாச்சும் கார்ல ஓட்டை அடைக்க வெட்டிக்கலாம்."

அத்தான் லாரிக்குப் பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை திரும்பவில்லை.

"சரிக்கா" என்று வாங்கிக்கொண்டேன்.